அடித்தண்டழுகல்

மூன்றாம் வரிசையில் ஏழாவது மரம்
ஆடியில் கசியத் தொடங்கியது.
ஆறிப்போன வெல்லப்பாகின் நிறம்.
விரலால் தொட்டேன், முகர்ந்தேன்,
நாக்கில் வைக்கவில்லை.
எனக்கு அப்போதே இனிப்பு விலக்கு.

ஆழியாறிலிருந்து அலுவலர் வந்தார்.
பேர் தமயந்தி. பைக், ஹெல்மெட்.
தொங்கும் மட்டைகளை எண்ணினார், பட்டையைத் தட்டினார்.
போன வருசம் வெட்டிய அடிக்கட்டையில்
செங்காவி விசிறி ஒன்று ஒட்டியிருந்தது,
யாரோ வார்னிஷ் அடித்துக் காயவைத்த மாதிரி.
ஓரத்தில் மட்டும் வெண்ணெய்க் கோடு.

"இதுதாங்கக்கா. காளான்.
வேர்ல நுழைஞ்சு தண்டைத் தின்னும்.
எப்ப நுழைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது."

சித்தூரில் ரத்தம் எடுத்த அன்றைக்கு
எனக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

பென்சில் பருமனில் உயிருள்ள வேரைத் தேடி,
சாய்வாகச் சீவி,
மருந்துத் தண்ணீர்ப் பைக்குள் நுழைத்துக் கட்ட வேண்டும்.
இருபத்திரண்டு மரங்கள்.
குத்துக்காலிட்டு, சேற்றில் கைவிட்டு,
தினம் இரண்டு நடை, பை காலியானதா என்று பார்க்க.
"தென்னைக்கு குளுக்கோஸ் ஏத்தறியா அம்மிணி" என்று
வடக்குத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே சிரித்தார்.

என் வீட்டுக்காரர் கள்ளுக்குப் போவது
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறைக்கு.
இந்தப் பக்கம் இறக்கினால் கேஸ்,
அந்தப் பக்கம் கடைக்கு நம்பர் உண்டு.
பாளைக்கு இதெல்லாம் தெரியாது.
ஒருநாள் எனக்கும் ஒன்று வாங்கி வந்தார்.
அறுபது குளிகை, ஆயிரத்து நானூற்றைம்பது.
"சக்கரைக்கு நல்லதாமா. ஜோஸ்மோன் கடையில
வரிசையில நிக்கறாங்க."

டப்பியின் மேல் படம்.
செங்காவி விசிறி.
வார்னிஷ். வெண்ணெய்க் கோடு.

சிரித்தேன். சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.
எதைக் கொல்லத் தினம் மண்டியிடுகிறேனோ
அதை மலையாளத்தில் பேர் எழுதி
என்னை விழுங்கச் சொல்கிறார்கள்.

ஷெர்லி டாக்டர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"எலியில நோக்கியிருக்கு. மனுஷரில் கொஞ்சமே.
வேணும்னா கழிச்சோ.
மாத்திரையை நிறுத்திட்டு இது மட்டும் கழிச்சால்
பின்னே இங்கே வரண்டா.
வேர்த்தாலோ தலை சுத்தினாலோ
அப்போழே விளிக்கணும்."

தேங்காய்க் கணக்கு நோட்டில் நடுவே கோடு போட்டேன்.
இடது பக்கம் மரம், வலது பக்கம் நான்.

ஏழாவது, கசிவு ஓரடி. — 212
ஏழாவது, கசிவு மூன்றடி. எட்டாவது லேசாக. — 190
குரும்பை கொட்டுகிறது. — 194, மாமன் வீட்டு விருந்து
எட்டாவது அப்படியே நிற்கிறது. — 168

தை பிறந்ததும் ஏழாவதை அறுத்தோம்.
தூர் தோண்டி, வேர் பொறுக்கி, எரித்தோம்.
அதன் அடியிலும் புதிதாக ஒன்று விரிந்திருந்தது, உள்ளங்கை அளவு.
அவர் அதைப் பிடுங்கி நீட்டினார்.
"காசில்லாம காய்ச்சித் தரட்டுமா?"
மரம் குடித்த மருந்தையெல்லாம் அதுவும்தானே குடித்திருக்கும்.
டப்பியில் இருப்பது எங்கோ மரத்தூளில்
கூரைக்குக் கீழே வளர்ந்ததாம், தமயந்தி சொன்னாள்.
வாங்கித் தீயில் போட்டேன்.
ஈரம். வெகுநேரம் சீறிக்கொண்டு கிடந்தது.

குளிகையா, மெட்ஃபார்மினா,
சோற்றைக் குறைத்ததா,
பைகளைப் பார்க்க நடந்த நடையா?
எனக்குத் தெரியாது.
டாக்டரும் தனக்குத் தெரியாதென்றே சொன்னார்,
அதனால் அவரிடமே போகிறேன்.

செங்கமலம் வந்தாள். அவள் புருசனுக்கு முந்நூற்றுச் சொச்சம்,
ஊசி என்றால் எழுந்து ஓடுகிறான்.
"அந்தக் காளான் டப்பி எனக்கொண்ணு சொல்லியனுப்புங்கக்கா,
மாத்திரையெல்லாம் விட்ரலாமாமா."

விட முடியாது என்றேன். மூன்று தரம் சொன்னேன்.
பிறகு நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அவள் வலது பக்கத்தை மட்டும் படித்தாள்.